பிளாங்டனா நின்ன புள்ள

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. பரவால்ல, உக்காருங்க. இந்த ரோட்டை நான் தெனம் பாக்குறவ. அதே கருவேல மரம், அதே உப்புப் பூத்த மண்ணு. எனக்கு இந்தப் பக்கமே போதும். நீங்க ராமேஸ்வரமா? திதி குடுக்கவா? மாமனாருக்கா, சரி சரி. நல்லபடியா குடுத்துட்டு வாங்க. நான் அவ்வளவு தூரம் வரல, மண்டபத்துக்கு முன்னாடியே இறங்கிருவேன். டீச்சர்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எல்லாரும் அதான் சொல்றாங்க, நான் வாயைத் திறந்தாலே தெரிஞ்சிருமாம். மங்கையர்க்கரசி. பத்தாம் வகுப்புக்கு அறிவியல்.

சனிக்கிழமை எதுக்குப் பள்ளிக்கூடம்னு கேக்குறீங்களா? பள்ளிக்கூடத்துக்குப் போகல. ஒரு புள்ளையக் கூப்பிடப் போறேன். அமலின்னு பேரு. அமலோற்பவம்னு சர்ச்சுல வச்ச பேரு, நாங்க அமலின்னு கூப்பிடுவோம். என் வகுப்புதான். கொஞ்ச நாளா வரல. எங்க ஹெட்மாஸ்டர் நேத்து என்னைக் கூப்பிட்டு விட்டாரு. "டீச்சர், பப்ளிக் பரீட்சைக்குப் பேர் அனுப்பணும். திங்கக்கிழமை அந்தப் புள்ள வகுப்புல வந்து உக்காரலைன்னா என்னால அனுப்ப முடியாது. உங்களாலதான் நின்னுச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு. நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துருங்க"ன்னாரு.

என்னாலயாம்! எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு நான் பண்ணதுல கால்வாசி அந்தப் பள்ளிக்கூடத்துல வேற யாரும் பண்ணல. அவ பேரே பாதி வாத்தியாருக்குத் தெரியாது. கடைசி பெஞ்சு, அதுலயும் சுவத்தோரம். வருகைப்பதிவு எடுத்தா "உள்ளேன் டீச்சர்"னு சொல்லுவா, அது எனக்குக் கேக்காது, பக்கத்துல இருக்கறவதான் "வந்திருக்கா டீச்சர்"னு சொல்லணும். அப்படிப்பட்ட புள்ளைய நான் நடுவுல கொண்டாந்து நிறுத்துனேன். நடுவுல. அதுக்குத்தான் இப்ப எனக்கு இந்தப் பேரு.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். தண்ணி இருக்கா உங்ககிட்ட? வேண்டாம் வேண்டாம், என்கிட்டயே இருக்கு.

பிளாங்டன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? சொல்லுங்க பாப்போம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், நான் அடிக்க மாட்டேன். கடல் தண்ணிய ஒரு கை அள்ளுனீங்கன்னா வெறும் தண்ணியாத்தான் தெரியும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கோடிக்கணக்குல உயிர் இருக்கு. மிதவை உயிரின்னு புத்தகத்துல போட்டிருக்கும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தெம்பு கிடையாது. தண்ணி எங்க இழுக்குதோ அங்க போகும். வெயிலை வாங்கிச் சாப்பாடாக்கும். அதைக் கூனி இறால் தின்னும், கூனியச் சாளை மீன் தின்னும், சாளையச் சீலா மீன் தின்னும், சீலாவைச் சுறா தின்னும், எல்லாத்தையும் சேர்த்து நாம தின்னுட்டு ஏப்பம் விடுவோம். அந்தக் கண்ணுக்குத் தெரியாதது இல்லைன்னு வைங்க, கடல்ல ஒண்ணும் இல்ல. நீங்க இப்ப விட்ட மூச்சுல கூட அது குடுத்த காத்து இருக்கு. ஆமா, நெசமாத்தான்.

இதைப் போர்டுல அம்புக்குறி போட்டு நடத்திட்டுப் போயிரலாம். மத்தவங்க அப்படித்தான் போறாங்க. எனக்கு மனசு கேக்காது. கடலோரத்துப் புள்ளைகளுக்குக் கடலைப் பத்தி நடத்துறேன், தூங்கி வழிஞ்சா எனக்கு அவமானம். அதனால மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வலை கட்டுற நைலான் கயிறு ஒரு கட்டு கொண்டாரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வேஷம். பெனிட்டோன்னு ஒருத்தன், அவங்கப்பாவுக்கு விசைப்படகு இருக்கு, புள்ள நல்லா ஓங்குதாங்கா இருப்பான், அவனைச் சுறாவாக்குனேன். கட்டுமஸ்தா இருந்த ரெண்டு மூணு பேரு சீலா. மத்த பொடுசுக எல்லாம் சாளை, கூனி. ஆளைப் பாத்துதான் குடுத்தேன், பொருத்தமா இருக்கணும்ல.

பிளாங்டன் யாருன்னு நான் யோசிக்கவே இல்ல. அமலியப் பாத்த உடனே தோணிருச்சு. ஒல்லியா, சத்தமே இல்லாம, இருக்காளா இல்லையான்னே தெரியாம. அவங்கப்பா அவ சின்னதா இருக்கறப்பவே கடலுக்குப் போனவரு, நாட்டுப்படகு மட்டும் கரை ஒதுங்குச்சு, ஆளு வரல. அம்மா சூசையம்மா நண்டு கம்பெனியில நண்டு உடைக்குது. இருக்கறதுலயே ஒண்ணுமில்லாத வீடு. அந்தப் புள்ளைக்குத்தான் நான் இருக்கறதுலயே பெரிய வேஷத்தைக் குடுத்தேன். என் மனசு உங்களுக்குப் புரியுதுல்ல?

எல்லாக் கயித்தோட ஒரு நுனியையும் அவ இடுப்புல கட்டுனேன். மறு நுனி மத்தவங்க கையில. நான் விசில் ஊதுனா எல்லாரும் இழுத்துப் புடிக்கணும். கயிறு விறைப்பா நின்னா கடல் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது விசிலுக்கு அமலி உக்காரணும், கயிறெல்லாம் தொய்ஞ்சு போகும், பிளாங்டன் இல்லைன்னா என்ன ஆகும்னு புள்ளைகளுக்கு விளங்கிரும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனா பயலுக மொத விசிலுக்கே வெட்டி இழுத்துட்டானுக. அதுவும் அந்தப் பெனிட்டோ தேர் இழுக்கற மாதிரி இழுத்தான். புள்ள தடார்னு விழுந்துருச்சு. முட்டியில நல்ல சிராய்ப்பு.

ஓடிப் போய்த் தூக்குனேன். "எந்திரிச்சு நில்லும்மா, நீ விழுந்தா கடலே விழுந்துரும்"னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல அந்த வார்த்தை. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. எல்லாரையும் கைதட்டச் சொன்னேன், தட்டுனாங்க. அவ நடுவுல கயித்தோட நின்னா, கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. அது பெருமையில வந்த கண்ணீர்தான். நான் எத்தனை புள்ளைகளப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா.

அன்னிலேருந்து அவளுக்குப் பிளாங்டன்னே பேராயிருச்சு. "ஏய் பிளாங்டன், தள்ளி உக்காரு." "டீச்சர், பிளாங்டன் வரல." மதியச் சாப்பாட்டுல கூட அவ தட்டுலேருந்து முட்டைய எடுத்துக்குவாங்களாம். "நாங்க சாளை, உன்னையத்தான் தின்னு வளரணும்"னு சொல்லிக்கிட்டே. ஒரு நாள் நான் பாத்துட்டு அதட்டுனேன், அதட்டாம இல்ல. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். பாடம் எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு பாருங்க! காலாண்டுப் பரீட்சையில அந்தக் கேள்விக்கு ஒரு புள்ள கூடத் தப்பு விடல. ஹெட்மாஸ்டரே பிரேயர்ல என் பேரைச் சொல்லிப் பாராட்டுனாரு. அப்பல்லாம் நல்லா இருந்துச்சு இவருக்கு.

என்ன, வெயில் அடிக்குதா? துண்டை அந்தக் கம்பியில மாட்டி விடுங்க. ஆங், அப்படித்தான்.

அப்புறம் பூங்கோரை வந்துச்சு. நீங்க டிவியில பாத்திருப்பீங்க. இந்தப் பக்கத்துக் கடல்ல சில வருசம் வரும். தண்ணி பச்சையா, பாசி கரைச்சு ஊத்துன மாதிரி ஆயிரும். அதுவும் பிளாங்டன்தாங்க, அதுல ஒரு வகை. அளவுக்கு மேல பெருகிட்டா தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் உறிஞ்சிரும். மீனுக்கு மூச்சு முட்டிச் செத்துக் கரையில ஒதுங்கும். இந்தத் தடவை ஒதுங்குச்சு பாருங்க, பள்ளிக்கூடத்துக்கு உள்ள வரைக்கும் நாத்தம். ஊர்ல ஒருத்தரும் கடலுக்குப் போகல. புடிச்ச மீனையும் வியாபாரி வாங்கல. வீட்டுக்கு வீடு அடுப்பு எரியாம சண்டை.

எனக்கு மட்டும் அன்னிக்கு, ஏன் பொய் சொல்லணும், ஒரு உற்சாகம். பாடப்புத்தகம் நடந்து வந்து வாசல்ல நின்னா எந்த டீச்சர் விடுவா? வகுப்பையே கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். "பாருங்க, இதுதான் பிளாங்டன். அளவா இருந்தா அமுதம், கூடிட்டா விஷம்"னு சொல்லிக்கிட்டே வர்றேன். செத்த மீன் கால்ல இடிக்குது. அப்ப இந்தப் பெனிட்டோ கேக்குறான், "அப்ப மீனையெல்லாம் கொன்னது அமலியா டீச்சர்?"

எல்லாம் கொல்லுனு சிரிச்சிருச்சுக. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. டக்குனு கேட்டான் பாருங்க, மூளையுள்ள பய. நானும் அதே வேகத்துல, "ஆமாடா, அவகிட்ட எல்லாரும் மரியாதையா இருந்துக்கங்க, கோவம் வந்தா கடலையே காலி பண்ணிருவா"ன்னேன்.

விளையாட்டுக்குத்தாங்க. அந்தப் புள்ளைய ஒரு தட்டு தட்டிக் குடுத்துட்டுத்தான் சொன்னேன். அவளும் சிரிச்சா. சிரிச்சான்னுதான் ஞாபகம்.

அது வீடு வீடாப் போயிருச்சு. டீச்சரே சொல்லிட்டாங்கன்னு. நான் சொன்னது ஒண்ணு, போய்ச் சேந்தது ஒண்ணு. மொதல்ல சின்னப் பசங்க கேலிதான். ஆனா மீன் வராத வீட்ல பெரியவங்க காதுக்குக் கேலி எப்படிக் கேக்கும்? "அப்பனைக் கடலுக்குக் குடுத்த வீடு, அந்தக் கால் பட்ட இடம் விளங்குமா"ன்னு எவளோ ஆரம்பிச்சிருக்கா. அந்த ஊர்ல ஒரு வழக்கம். கடல் கெட்டுப் போச்சுன்னா வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி கோயில் கிணத்துலேருந்து எடுத்துட்டு வந்து, சர்ச் சாமியார் மந்திரிச்சுக் குடுப்பாரு, வீட்டுப் பொம்பளைப் புள்ளைக வரிசையாப் போய்க் கடல்ல ஊத்தும். அமலி சின்னப் புள்ளையிலேருந்து அவங்க வீட்டுக் குடத்தைத் தூக்குறவ. இந்தத் தடவை வரிசையில நின்னவளப் பொம்பளைங்க, "நீ இரு புள்ள, நாங்க ஊத்திட்டு வந்துர்றோம்"னு தள்ளி நிக்கச் சொல்லிட்டாங்களாம். ஊத்துனாங்களா? ஊத்தல. எல்லாரும் வீட்டுக்குப் போன பெறகும் அந்த ஒரு குடம் மணல்லயே இருந்துச்சாம். சாமியாருக்கே இது தெரியாது, தெரிஞ்சிருந்தா சத்தம் போட்டிருப்பாரு.

எனக்குக் கேட்ட உடனே ரத்தம் கொதிச்சிருச்சு. எந்தக் காலத்துல இருக்கோம்? மறுநாள் வகுப்புல மொத வேலையா, "அமலி, எந்திரிச்சு நில்லும்மா"ன்னேன். நின்னா. அவளை நிக்க வச்சுத்தான் பாடம் எடுத்தேன், மூடநம்பிக்கைன்னா என்னன்னு. "இந்தப் புள்ளையப் பாருங்க. நல்லாப் பாருங்க. இவளுக்குக் கொம்பா இருக்கு? இவளால மீன் சாகுமா? இவ தொட்டாக் கடல் கெடுமா?" மணி அடிக்கற வரைக்கும் விடலையே நான். எல்லாப் புள்ளைகளும் வச்ச கண்ணு வாங்காம அவளையே பாத்துச்சுக. நல்லா உறைக்கட்டும்னுதான் அவளை உக்காரச் சொல்லல.

ஏன், நீங்க ஏன் முகத்தை அப்படித் திருப்புறீங்க? வெயிலா? நான் ஏதோ வருத்தப்படுறீங்களோன்னு நினைச்சேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேங்க. நான் படிச்ச காலத்துல என்னைய ஒருத்தரும் எந்திரிச்சு நில்லுன்னு சொன்னதில்ல. ஒரு டீச்சர் வருசம் முழுக்க என் பேரே தெரியாம, "ஏ, மூணாவது பெஞ்சு"ன்னு கூப்பிட்டே வருசத்தை ஓட்டிட்டாங்க. கடைசி நாள் நான் அவங்ககிட்டப் போயி என் பேரைச் சொன்னேன். "அப்படியாம்மா"ன்னுட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நான் டீச்சரானா என் வகுப்புல எந்தப் புள்ளையும் ஓரத்துல கிடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதுல தப்பு இருக்கா? எங்க, தப்பு இருந்தாச் சொல்லுங்க.

சரி. பேச்சுல மட்டும் தீராதுன்னு எனக்குத் தெரியும். கண்ணால காட்டணும். அதான் அறிவியல். பூங்கோரைத் தண்ணியக் கேன்ல புடிச்சு வச்சிருந்தேன். ரெண்டு கண்ணாடித் தொட்டி, ரெண்டுலயும் உயிரோட மடவை மீன் குஞ்சு. ஒரு தொட்டிக்குள்ள காத்து ஊதற மோட்டார், மீன் வளக்கறவங்க வீட்ல போட்டிருப்பாங்கள்ல, அது. இன்னொண்ணுல ஒண்ணும் இல்ல. ரெண்டுலயும் அதே பச்சைத் தண்ணிய, அதே ஆள், அதே கையால ஊத்தணும். காத்து இல்லாத மீன் சாகும், காத்து இருக்கற மீன் பிழைக்கும். அப்ப கையில ஒண்ணும் இல்ல, காத்துலதான் இருக்குன்னு நிரூபணம் ஆயிருமா இல்லையா? எப்படி யோசிச்சேன் பாருங்க! எந்தப் புத்தகத்துலயும் கிடையாது இது, என் சொந்த யோசனை.

யார் ஊத்துறது? அமலிதான். வேற யார் ஊத்துனாலும் அர்த்தமே இல்லையே.

அவ வரமாட்டேன்னா. மொதத் தடவையா வாயைத் திறந்து, "வேணாம் டீச்சர்"னு சொன்னா. அதுவும் எனக்குக் கேக்கல, பக்கத்துல இருந்தவதான் சொன்னா, "வேணாங்குறா டீச்சர்"னு. பயத்தை இன்னிக்கு விட்டா நாளைக்கும் இருக்கும்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து மேசை முன்னாடி நிறுத்துனேன். மத்த வகுப்புப் புள்ளைகளயும் வரச் சொல்லியிருந்தேன். ஜன்னல்ல எல்லாம் தலை. புள்ள கையெல்லாம் நனைய ரெண்டு தொட்டியிலயும் ஊத்துச்சு. நான் மோட்டாரைப் போட்டேன். குமிழி குமிழியாக் காத்து வருது. மீன் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

கரண்ட் போயிருச்சு.

நான் என்ன பண்ணுவேன்? கரண்ட் போனதுக்கு நான் பொறுப்பா? மோட்டார் நின்னு போச்சு. வந்துரும் வந்துரும்னு எல்லாரையும் உக்கார வச்சேன். வரல. மொதல்ல காத்து இல்லாத தொட்டியில மேல வந்து வாயைப் பிளந்துச்சுக. அப்புறம் இதுலயும். ஒண்ணொண்ணா வயித்தைக் காட்டிக்கிட்டு மல்லாந்துச்சு. ரெண்டு தொட்டியிலயும் ஒண்ணு கூட மிச்சமில்ல.

நான் விடல. "பாத்தீங்களா, காத்து நின்ன உடனே ரெண்டும் செத்துருச்சு. அப்ப நான் சொன்னது சரிதானே"ன்னு கேட்டேன். சரிதானங்க அது? நீங்களே யோசிச்சுப் பாருங்க, அறிவியல்படி அது சரிதான். மொத பெஞ்சுல இருந்த ரெண்டு புள்ளைக அமலி நின்ன பக்கத்துலேருந்து அப்படியே பின்னால நகந்துச்சுக. அதுக்கப்புறம் எல்லாம் நகந்துச்சு. நடுவுல அவ ஒருத்தி. கை ஈரத்தை யூனிபார்ம்ல துடைச்சா. காஞ்ச பெறகும் துடைச்சா. துடைச்சுக்கிட்டே இருந்தா.

அந்தக் கைதாங்க எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. சோறு பிசையறப்ப ஞாபகம் வந்துருது. என் வீட்டுக்காரர், "உனக்கு என்ன ஆச்சு, தட்டையே பாத்துக்கிட்டு இருக்க"ங்குறாரு. எனக்கு வலிக்காம இல்லங்க. வலிக்குது. ஆனா வலிக்குதுங்கறதுக்காக நான் பண்ணது தப்புன்னு ஆயிருமா?

அன்னிக்குப் போனவதான், மறுநாள்லேருந்து வரல. சூசையம்மா ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. கம்பெனியிலேருந்து நேரா வந்திருக்கும் போல, விரலெல்லாம் நண்டு ஓடு குத்துன காயம். நாற்காலியில உக்காரச் சொன்னா உக்காரல, கதவோரம் நின்னுக்கிச்சு. சண்டைக்கு வந்திருக்குன்னு நினைச்சு நானும் தயாராத்தான் இருந்தேன். சண்டை போட்டிருந்தாக் கூடத் தேவலை. மெதுவா, "டீச்சர், எம்புள்ளைய நடுவுல நிப்பாட்டாதீங்க டீச்சர்"னுச்சு. "அதுக்கு ஓரமா ஒரு இடம் இருந்துச்சு. அது பாட்டுக்கு உக்காந்து படிச்சுட்டு வந்துச்சு. அந்த எடத்தை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. நான் அனுப்பி வைக்கிறேன்"னுச்சு.

எனக்கு எப்படி இருக்கும்? ஓரமாம்! நான் பாடுபட்டு ஓரத்துலேருந்து இழுத்துட்டு வந்தா, பெத்தவளே ஓரம் கேக்குறா. "ஏம்மா, உன் மகளை நான் கடலுக்கே ஆதாரமா நிறுத்தியிருக்கேன், நீ என்னம்மா மூலையக் கேக்குற? நீங்கள்லாம் இப்படி ஒதுங்கி ஒதுங்கித்தான் இந்த நிலைமையில இருக்கீங்க"ன்னுட்டேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சூசையம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போயிருச்சு. நல்லதுக்குச் சொன்னா யார் கேக்குறா.

இன்னிக்கு அதெல்லாம் சரி பண்ணிரப் போறேன். இந்தப் பையை இப்படிக் கொஞ்சம் புடிங்க, ஒண்ணு காட்டுறேன். எப்படி இருக்கு? சால்வை. நல்ல ரோஸ் கலர், ஓரத்துல சரிகை. கல்யாணத்துக்கு வந்த சால்வை இல்லங்க, அவளுக்குன்னே எடுத்தேன். திங்கக்கிழமை பிரேயர்ல மேடைக்குக் கூப்பிட்டு, மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னாடி இதைப் போத்தி, எல்லாரையும் கைதட்ட வைக்கப் போறேன். பெனிட்டோவ விட்டே போத்தச் சொல்லலாம்னு இருக்கேன். அவ நடுவுல நிப்பா, எல்லாரும் தட்டுவாங்க. பழசெல்லாம் மறந்து போயிரும். அவளும் பரீட்சை எழுதுவா. நல்லாப் படிக்கிற புள்ளைங்க அது, அதுல சந்தேகமே இல்ல. இப்ப நின்னுச்சுன்னா அம்மாவோட சேந்து நண்டு கம்பெனிக்குத்தான் போகும், அப்புறம் எங்க திரும்பி வர்றது. போனவங்க யாரும் திரும்புனதில்ல. அதை நான் விட மாட்டேன்.

சால்வை நல்லா இல்லையா?

என்ன? சால்வை இல்லாமப் போனா என்னவா? சும்மா போயி, பக்கத்துல உக்காந்து, வாம்மான்னு சொன்னாப் போதுமா? உங்களுக்குப் புள்ளைகளப் பத்தித் தெரியாதுங்க. மன்னிச்சுக்கங்க, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா கூப்பிட்டா அந்தப் புள்ளைக்கு நாம குடுக்கற மதிப்பு எப்படித் தெரியும்?

வண்டி எதுக்கு நிக்குது? ஓ, நண்டு கம்பெனி ஸ்டாப்பா. மதிய ஷிப்ட் விட்டிருக்கு. இவங்கல்லாம் அந்த ஊர்க்காரங்கதான். அந்தா முன்னாடி ஏறி டிரைவர் பின்னால உக்காருதே, அதுதான் சூசையம்மா. தலையில வலைத் தொப்பிய இன்னும் கழட்டல பாருங்க. அதுக்குப் பின்னால...

ஐயோ. அமலிங்க. படியில நிக்கறது அமலி. அவ தலையிலயும் தொப்பி. இவ இங்க எதுக்கு... அப்ப வேலைக்குச் சேந்துட்டாளா? அதுக்குள்ளயா?

இருங்க. வழி விடுங்க. அமலீ! அமலி, நான்தாம்மா! இங்க வா, முன்னாடி வா! யாருப்பா வழியில, அந்தப் புள்ளைக்கு வழி விடுங்க. இந்தப் புள்ளைதாங்க, நான் சொன்னேன்ல, இவதான்! எல்லாரும் பாருங்க, என் வகுப்புலேயே... வாம்மா, ஏன் நிக்குற? டீச்சர் உனக்கு என்ன கொண்டாந்திருக்கேன் பாரு! மேல வா!

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க! புள்ள ஏறல! ஏறல பாருங்க, இறங்கிருச்சு. அமலி! சூசையம்மா, நீ எங்க எந்திரிச்சுப் போற? உக்காரும்மா, நான் உன் வீட்டுக்குத்தான்... நீயும் இறங்குறியா?

போயிட்டாங்க.

வண்டி கிளம்பிருச்சு.

அவ என்னையப் பாக்கலைங்க. வெயில் கண்ணுல அடிச்சிருக்கும். இல்ல, பஸ்சுல கூட்டம்னு இறங்கியிருப்பா. பின்னால இன்னொரு பஸ் வரும், அதுல வருவா.

என்ன சொல்றீங்க? ஆமா. ஆமா, கூட்டம் இல்ல. பாதி சீட்டு காலியாத்தான் கிடக்கு. எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க.

நான் ஒருத்திதான் நின்னுக்கிட்டு இருக்கேன்.

ஏங்க, இவங்கல்லாம் எதுக்கு என்னையே பாக்குறாங்க? முன்னாடி இருக்கற பொம்பளைங்க, கண்டக்டரு, அந்தச் சின்னப் புள்ள கூட. நான் என்னங்க பண்ணேன்? இந்தச் சால்வைய வேற கையில வச்சுக்கிட்டு... இதைக் கொஞ்சம் வாங்கிப் பைக்குள்ள திணிங்களேன், வெளிய தெரியாம. வண்டி ரொம்ப ஆட்டுது. என்னால இப்படி நிக்க முடியல.

நீங்க தப்பா நினைக்கலைன்னா கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்துக்கங்க. அந்த ஜன்னலோரத்தை எனக்குக் குடுங்க.